ஒரு மேசைக்கு ஒரு கேள்வி

மேலூர்,
ஆவணி 27.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே உன் அம்மாவும் அப்பத்தாவும் நலம். தொலைபேசியில் நான் எதைச் சொல்லத் தொடங்கினாலும் நீ "சரிப்பா, சரிப்பா" என்று மூன்று முறை சொல்லிவிட்டு, அலுவலகத்தில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிடுகிறாய். அதனால் சொல்ல வேண்டியதைக் கடிதமாக எழுதி, கோயம்புத்தூர் விலாசத்துக்கே அனுப்புகிறேன். வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வருவதற்குள் இதை ஒரு முறையாவது படித்துவிட்டால், பெட்டி கட்டும் நேரத்தில் நாம் மூவரும் மூன்று பக்கமாக இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஜெர்மனிக்குப் படிக்கப் போகிற உனக்கு ஃப்ராங்க்ஃபர்ட்டில் என்ன சொல்லித்தருவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அந்தப் படிப்பின் பெயரையே இன்னும் பிழையில்லாமல் சொல்ல வரவில்லை. ஆனால் விமான நிலையத்தைக் கடந்து போவது எப்படி என்பது, 1992 முதல் 2012 வரை சார்ஜாவில் ஸ்டோர் கீப்பராக இருந்துகொண்டு போய்ப் போய் வந்த எனக்கு ஓரளவு தெரியும். நான் வேலையை விட்டு ஊருக்குத் திரும்பிய அதே 2012-இல்தான் நம் மதுரையிலிருந்து முதல் வெளிநாட்டு விமானம் கொழும்புக்குப் பறந்தது. இருபது வருடம் பம்பாய்க்கும் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் அலைந்தவன் ஊரில் வந்து உட்கார்ந்த பிறகு, அவனியாபுரத்துக்கு மேலே வெளிநாட்டு விமானம் பறக்கிறது. யாரிடம் போய்ச் சொல்லிக்கொள்வது?

முதன்முறை போனபோது மதுரையிலிருந்து மீட்டர் கேஜ் பாண்டியன் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும், அங்கிருந்து வேறு ரயிலில் பம்பாய்க்கும் போய், சகார் விமான நிலையத்தில் விமானம் ஏறினேன். என் பாஸ்போர்ட்டில் குடிபெயர்வுச் சோதனை தேவை என்ற முத்திரை இருந்தது. குடியேற்ற மேசையில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் "எங்கே போகிறாய்?" என்று கேட்டார். சார்ஜா என்ற ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம். நானோ தெரிந்த இந்தியையும் தெரியாத ஆங்கிலத்தையும் கலந்து, கம்பெனியின் பெயர், ஏஜென்டுக்குக் கட்டிய பணம், அந்தப் பணத்துக்காக அடகு வைத்த நிலம், முன்பே அங்கே போயிருந்த பங்காளி என்று அத்தனையையும் கொட்டினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஓரத்து பெஞ்சைக் காட்டினார். மடியில் முறுக்குப் பையை வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம் அங்கே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது முறை கூப்பிட்டபோதும் அதே கேள்விதான்; சார்ஜா என்றேன், முத்திரை விழுந்தது. அவர்மேல் தப்பே இல்லை. கேட்காததையெல்லாம் சொல்கிறவனிடம் கேட்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்று எந்த அதிகாரிக்கும் தோன்றத்தான் செய்யும்.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது இதுதான். விமான நிலையம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், அது வரிசையாகப் போடப்பட்ட ஐந்தாறு மேசைகள்தான். ஒவ்வொரு மேசையில் இருப்பவருக்கும் தெரிய வேண்டியது ஒரே ஒரு கேள்விக்கான பதில். வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் பாதுகாப்புப் படைக்காரருக்கு, டிக்கெட்டில் இருக்கும் ஆளும் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆளும் ஒருவர்தானா என்பது தெரிந்தால் போதும். விமான நிறுவனத்தின் மேசைக்கு எத்தனை பெட்டி, எதுவரை என்பது. குடியேற்ற அதிகாரிக்கு எங்கே, எதற்கு என்பது. அதற்கடுத்த பாதுகாப்புச் சோதனைக்குக் கைப்பையில் என்ன என்பது. எந்த மேசையில் எந்தக் கேள்வி என்று தெரிந்துகொண்டு, அதற்குரிய தாளை மட்டும் கையில் எடுத்து, அதற்குரிய பதிலை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தால், படபடப்புக்கு இடமே இல்லை.

மேசைக்குப் போவதற்கு முன் தேதி ஒன்று இருக்கிறது. உன் டிக்கெட்டில் 27-ஆம் தேதி, 3 மணி 50 நிமிடம் என்று இருக்கிறது. அது அதிகாலை. அதாவது 26-ஆம் தேதி இரவுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு நீ விமான நிலையத்துக்குள் போயிருக்க வேண்டும். உன் மாமா மிகுந்த அக்கறையோடு 26-ஆம் தேதி இரவுப் பாண்டியனில் நமக்கெல்லாம் டிக்கெட் போட்டுவிட்டு, அதைக் கொண்டுவந்து காட்டினார். அந்த ரயில் சென்னைக்கு வந்து சேர்வதற்குள்ளேயே உன் விமானம் கிளம்பிப் போயிருக்கும். நான் நாள்காட்டியை எடுத்து வைத்து விரலால் கட்டம் கட்டமாகக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். படித்தவர்களே ஏமாறும் இடம் இது. சென்னையிலிருந்து வெளிநாடு போகும் விமானங்களில் நிறைய நள்ளிரவு தாண்டித்தான் கிளம்புகின்றன. இப்போது 25-ஆம் தேதி இரவுக்கு மாற்றியாயிற்று. 26 காலையில் தாம்பரத்தில் இறங்கி, குரோம்பேட்டைச் சித்தப்பா வீட்டில் பகல் முழுவதும் ஓய்வெடுக்கலாம். பெட்டி இல்லாமல் தனியாகப் போகிறவர்களாக இருந்தால் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் திரிசூலத்தில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாக நடந்தே விமான நிலையத்துக்குள் போய்விடலாம். உனக்கு இரண்டு பெரிய பெட்டி இருப்பதால் கார்தான். 12 மணிக்கு வாசலில் இருந்தால் போதும் என்று சித்தப்பா சொல்வார். 11 மணிக்கே இருப்போம். பெட்டி வாங்கும் மேசையைப் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். அதன் பிறகு கண்ணீர் விட்டாலும் திறக்க மாட்டார்கள்.

வாசலோடு நாங்கள் நின்றுவிடுவோம். உள்ளே டிக்கெட் உள்ளவர்களுக்குத்தான் அனுமதி. ஆகவே அழுவதையெல்லாம் குரோம்பேட்டையிலேயே முடித்துவிட்டு வர வேண்டும் என்று உன் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வாசல் மேசையின் கேள்வி பெயரைப் பற்றியது என்பதால் ஒன்று சொல்ல வேண்டும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். பாஸ்போர்ட்டிலோ இரண்டு கட்டம் இருக்கிறது. பலர் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, பிறகு டிக்கெட்டில் ஒரு மாதிரியும் விசாவில் ஒரு மாதிரியும் பெயர் விழுந்து தவிக்கிறார்கள். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று சொன்னபோது, அதிகம் திண்டாடியவர்களில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு. உனக்கு அந்தக் கவலை இல்லை. பாஸ்போர்ட் எடுக்கும்போதே என் பெயரைக் குடும்பப் பெயர் கட்டத்தில் போடச் சொன்னேன். டிக்கெட்டில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் இப்போதே சரிசெய்துகொள். இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஜெர்மனியில் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வரிசையில் நிற்கும்போது என் பெயர் காதில் விழுந்தால் நான் வந்திருக்கிறேனோ என்று திரும்பிப் பார்க்காதே, உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இனிப் பெட்டி. இதைப் பற்றித்தான் இந்த வீட்டில் பத்து நாளாகப் பேச்சு. உன் அம்மா எழுதி வைத்திருக்கும் பட்டியலைப் பார்த்தால் நீ படிக்கப் போகிறாயா, மளிகைக் கடை வைக்கப் போகிறாயா என்று சந்தேகம் வருகிறது. டிக்கெட்டில் போட்டிருக்கும் எடைதான் கணக்கு. அதற்குள் இருந்தாலும் ஒரே பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. தூக்கி வைக்கும் தொழிலாளியின் முதுகுக்காக உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட வரம்பு அது. கடைத்தெருவில் மளிகைக் கடைக்காரரிடம் கொக்கித் தராசு ஒன்றை இரவல் வாங்கி வைத்திருக்கிறேன். விமான நிலையத் தரையில் பெட்டியைத் திறந்து, துணியை வெளியே எடுத்துப்போட்டு, ஊறுகாய்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் குடும்பங்களை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நம் பெட்டியை நம் வீட்டுத் திண்ணையிலேயே நிறுத்துவிடலாம்.

எது எதில் போகலாம் என்பதற்கு வருகிறேன். கைப்பையில் நீர்ப்பொருள் எதுவானாலும் 100 மில்லிக்கு மேற்பட்ட பாட்டில் கூடாது. 2006-இல் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கச் செய்த சதி பிடிபட்ட பிறகு வந்த கட்டுப்பாடு இது. அவர்கள் கணக்கில் தொக்கு, நெய், தயிர், தேங்காய் எண்ணெய், ஊறுகாய் எல்லாமே நீர்ப்பொருள்தான்; "இது கெட்டியாகத்தானே இருக்கிறது" என்று வாதாடிப் பயனில்லை. பாதி தீர்ந்த 200 மில்லி பாட்டிலும் 200 மில்லி பாட்டில்தான். புளிக்காய்ச்சலை இரட்டை உறையில் போட்டுப் பெரிய பெட்டியின் நடுவில் துணிக்குள் வைக்க வேண்டும். மீனாட்சி கோயில் விபூதியையும் அதிலேயே வை. வெள்ளைப் பொடிப் பொட்டலம் கைப்பையில் இருந்தால், அது என்ன என்று விளக்குவதிலேயே பத்து நிமிடம் போய்விடும். கொப்பரையைக் கைப்பையிலும் வைக்கக் கூடாது, பெட்டியிலும் வைக்கக் கூடாது. எண்ணெய்ச்சத்து மிகுந்த அது அடைபட்ட இடத்தில் தானாகவே சூடேறித் தீப்பற்றக்கூடிய சரக்கு என்பது விமானக்காரர்களின் விதி. செக்கடியில் மூட்டை மூட்டையாகக் கொப்பரை கிடப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இது முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு, சார்ஜாவில் எங்கள் கிடங்கில் எண்ணெய் தோய்ந்த கந்தல் துணிக் குவியல் ஒன்று யாரும் தொடாமலே புகைந்ததைப் பார்த்த பின் விளங்கியது.

அம்மாவின் பட்டியலில் கசகசா 100 கிராம் என்று இருந்ததை நானே அடித்துவிட்டேன். நமக்கு அது குருமாவுக்கு அரைக்கும் சாமான். அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட போதைப்பொருள். நீ துபாயில் விமானம் மாறித்தானே போகிறாய், பெட்டியை யார் திறக்கப் போகிறார்கள் என்று அம்மா கேட்டார். ஒருவேளை அடுத்த விமானம் தவறி, ஓர் இரவு ஊருக்குள் தங்க நேர்ந்தால், பெட்டியும் உன்னோடு சுங்கச் சோதனைக்கு வரும். ஒரு குருமாவுக்காக அந்த ஆபத்து எதற்கு? அதே காரணத்துக்காக மாத்திரைகளை மருத்துவர் சீட்டோடும் அசல் அட்டையோடும்தான் வைக்க வேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்து வேண்டவே வேண்டாம்.

ஜெர்மனியின் விதி வேறு விதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளிநாட்டிலிருந்து பாலும் பால்பொருளும் இறைச்சியும் கொண்டுபோகக் கூடாது. எனவே உன் அத்தை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவை இங்கேயே தின்றுவிட்டுக் கிளம்பு. பச்சையாக இருக்கும் செடி, இலை, பழம், காய் எதுவானாலும் தாவரச் சுகாதாரச் சான்று வேண்டும். அன்னாசி, தேங்காய், துரியன், வாழைப்பழம், பேரீச்சை ஐந்துக்கு மட்டும் விலக்கு. கொல்லையில் அம்மா கிள்ளி வைக்கப் போகும் பச்சைக் கறிவேப்பிலைக்கு விலக்கு இல்லை. ஆனால் மீனுக்கு ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: உலர்ந்த மீனாக இருந்தால் ஓர் ஆள் 20 கிலோ வரை கொண்டுபோகலாம். பால்கோவா கூடாதாம், கருவாடு கூடுமாம்! இதைப் படித்துக் காட்டியதிலிருந்து உன் அப்பத்தா நெத்திலிக் கருவாட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். சட்டம் அனுமதித்தாலும் உன் குளிர்க்கோட்டு அனுமதிக்காது என்று சொல்லித் தடுத்து வைத்திருக்கிறேன்.

பவர் பேங்க் பெரிய பெட்டியில் போகவே கூடாது, கைப்பையில்தான். 100 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் 20,000 என்ற எண்ணை 3.7-ஆல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் 74 வருகிறது. ஆக உன்னுடையது போகலாம். அந்த எழுத்து தேய்ந்து போயிருந்தால் வேறு வாங்கிக்கொள். படிக்க முடியாவிட்டால் பறிமுதல்தான். நீ போகும் எமிரேட்ஸில் 2025 அக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்றுதான். அதையும் விமானத்துக்குள் பயன்படுத்தக் கூடாது, தலைக்கு மேலுள்ள அடுக்கிலும் வைக்கக் கூடாது. போனைக் கிளம்பும் முன்பே நிறைத்துக்கொள்.

இத்தனையும் நாமே கட்டும் பெட்டிக்கு. அடுத்தவர் கட்டிய பொட்டலத்துக்கு ஒரே விதிதான்: வாங்காதே. "ஒரு சின்னப் பார்சல் தங்கச்சி, அங்கே என் தம்பி வந்து வாங்கிக்கொள்வான்" என்று வரிசையில் நிற்கும்போது சிரித்துக்கொண்டே கேட்பார்கள். சாமான் கடத்துவதற்காகவே விமானத்தில் போய் வருகிறவர்களைக் குருவி என்று சொல்வோமே, அதில் எல்லாரும் தெரிந்தே குருவியானவர்கள் இல்லை. வயதான அம்மா ஒருவர் பாத்ரூம் போய்வரும்வரை பையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால்கூட, அங்கே நிற்கும் காவலரைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடு. மனது கேட்காதுதான். எனக்கும் கேட்டதில்லை.

விமான நிறுவனத்தின் மேசையில் அவர்கள் கேட்பதற்குப் பதில் சொன்ன பிறகு, நீ கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பெட்டி நேராக ஃப்ராங்க்ஃபர்ட் வரைதானே? வாயால் கேட்டால் மட்டும் போதாது. பெட்டியில் ஒட்டும் நீளச் சீட்டில் கடைசி ஊராக எஃப்.ஆர்.ஏ. என்ற மூன்றெழுத்து இருக்கிறதா என்று உன் கண்ணால் பார். இரண்டு விமானத்துக்கும் ஏறுசீட்டு (போர்டிங் பாஸ்) வாங்கிக்கொள். பெட்டிக்கான சிறு சீட்டைப் பாஸ்போர்ட்டின் பின்னட்டையில் ஒட்டித் தருவார்கள். அதைப் பிய்த்துப் போட்டுவிடாதே. நாளைக்குப் பெட்டி வரவில்லையென்றால், அது உன்னுடையது என்பதற்கு அந்தத் துண்டுத் தாள்தான் சாட்சி.

குடியேற்ற மேசைக்குரிய தாள்களைத் தனி உறையில் வைத்துக் கைப்பையில் கொண்டுபோ: பல்கலைக்கழக அனுமதிக் கடிதம், தங்குமிட விலாசம், மருத்துவக் காப்பீடு, அங்கே உன் செலவுக்கென்று மாதம் 992 யூரோ வீதம் 12 மாதத்துக்குக் கணக்கில் முடக்கி வைத்த 11,904 யூரோவுக்கான உறுதிச் சீட்டு. அந்தக் கடைசித் தாளுக்காக நாம் பட்ட பாடு உனக்குத் தெரியும். அதைப் பெரிய பெட்டிக்குள் வைத்துப் பூட்டினால் என்னால் தாங்க முடியாது. பெட்டி உன் கையை விட்டுப் போனபின் அதில் இருக்கும் தாள் எதற்கும் உதவாது. "எதற்குப் போகிறாய்?" என்றால் "முதுகலை படிக்க" என்று சொல்லி, அனுமதிக் கடிதத்தை மட்டும் எடுத்துக் கொடு. கேட்டால் அடுத்தது.

இதுவரை சொன்னவை எல்லாம் மேசை இருக்கும் இடங்கள். அடுத்து நீ இறங்கும் இடத்தில் கைப்பைச் சோதனையைத் தவிர மேசை இல்லை. விமானம் மாறும் இடத்தில் எங்கே போக வேண்டும் என்று உன்னை யாரும் கேட்க மாட்டார்கள், ஆபத்தே அதுதான். இங்கே நான் உன்னிடம் இத்தனை வருடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் வீட்டுக் கூடத்தில் உன் காதுகுத்துப் படம் மாட்டியிருக்கிறது. அழகர் மலை அடிவாரத்தில், மாமா மடியில், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நீ வாயைத் திறந்து அழுதுகொண்டிருக்கிறாய். அந்தப் படத்தில் நான் இல்லை. கம்பெனியில் லீவு கொடுக்கவில்லை என்று உன்னிடமும் ஊரிடமும் சொல்லியிருக்கிறேன். உண்மை அதுவன்று. லீவு கிடைத்தது; கிளம்பியும் விட்டேன். டிக்கெட் மலிவு என்று வளைகுடாவிலேயே வேறொரு ஊரில் விமானம் மாறும்படி எடுத்திருந்தேன். மாறும் இடத்தில் மூன்றரை மணி நேரம் இருந்தது. ஏறுசீட்டில் 14-ஆம் வாசல் என்று போட்டிருந்தது. அதற்கு நேர் எதிரே, காலுக்கடியில் உனக்கு வாங்கிய பேரீச்சம்பழப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசல் எண்ணில் கண்ணை வைத்தவன், பக்கத்தில் தொங்கிய பலகையைப் பார்க்கவில்லை. நடுவில் அரபியிலும் ஆங்கிலத்திலும் என்னவோ அறிவித்தார்கள். பக்கத்தில் இருந்த நாலைந்து பேர் எழுந்து போனார்கள். சிகரெட் பிடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். 14-ஆம் வாசல் திறந்தபோது அதில் ஏற நின்றவர்கள் மணிலா போகிறவர்கள். என் விமானம் 22-ஆம் வாசலுக்கு மாறி, கதவு மூடி, நகரவும் தொடங்கியிருந்தது. அடுத்த விமானத்தில் இடம் கிடைக்க இரண்டு நாள் ஆயிற்று. நான் ஊருக்கு வந்தபோது உன் காதுப் புண்ணுக்கு அம்மா தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தார். அவருக்கு மட்டும் விஷயம் தெரியும்.

ஆகவே அங்கே கேள்வியை நீதான் கேட்க வேண்டும். துபாயில் இறங்கியதும் முதல் வேலையாகப் பெரிய பலகையில் உன் விமானத்தின் எண்ணைத் தேடு. ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காதே; ஒரே ஊருக்குப் பல விமானம் போகும். எமிரேட்ஸ் வந்திறங்கும் மூன்றாவது முனையத்தில் ஏ, பி, சி என்று மூன்று பெருங்கூடங்கள் இருக்கின்றன. ஏ கூடத்துக்கு உள்ளேயே ஓடும் ரயிலில்தான் போக வேண்டும். வாசலைக் கண்டுபிடித்து, அதன் எதிரில் நின்று உறுதிசெய்துகொண்ட பிறகு கடை பார்க்கப் போ, காபி குடி, என்ன வேண்டுமானாலும் செய். அரைமணிக்கு ஒரு முறை பலகையை நிமிர்ந்து பார். சீருடையில் யாரைக் கண்டாலும் ஏறுசீட்டை நீட்டி "இது இங்கேதானா?" என்று கேள். அங்கே வேலை செய்கிறவர்களில் மலையாளமும் இந்தியும் பேசுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. சில நேரம் தமிழே பேசுவார்கள். ஏறுசீட்டில் புறப்படும் நேரத்தைவிட ஏறும் நேரத்தைப் பார்; புறப்பாட்டுக்கு 20 நிமிடம் முன்பே கதவை மூடிவிடுவார்கள். கைக்கடிகாரத்தை ஒன்றரை மணி நேரம் பின்னே தள்ளிக்கொள். போன் தானாகவே மாறிவிடும் என்பாய். மாறாத போனும் இருக்கிறது. தூக்கம் வந்தால் உட்காராதே, நட. கைப்பையின் வாரை நாற்காலியில் மாட்டாமல் உன் காலில் மாட்டிக்கொள்.

ஃப்ராங்க்ஃபர்ட்டில் நேரம் இன்னும் இரண்டு மணி பின்னே இருக்கும். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று அவர்களே கடிகாரத்தை ஒரு மணி பின்னே நகர்த்துவார்கள். அதன் பிறகு நமக்கும் உனக்கும் நாலரை மணி வித்தியாசம் என்று அம்மாவிடம் சொல்லி வை, இல்லாவிட்டால் உன் பாடவேளையில் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். அங்கே குடியேற்ற மேசையிலும் எதற்கு வந்தாய், எங்கே தங்குவாய் என்பதுதான் கேள்வி. பெட்டி வரும் பட்டையில் உன் பெட்டி வராமல் பட்டை நின்றுவிட்டால், அந்தக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே விமான நிறுவனத்தின் மேசையில் எழுத்து மூலம் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள். உடைந்து வந்தாலும் அப்படித்தான். சர்வதேச உடன்படிக்கையின்படி சேதத்துக்கு 7 நாளுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், 21 நாள் தாண்டியும் வராத பெட்டியைத் தொலைந்ததாகவே கொள்ள வேண்டும். இரண்டு நாள் மாற்றுத்துணியைக் கைப்பையில் வைக்கச் சொல்வது அதற்காகத்தான். வெளியே வந்தால் விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கு அடியில் ரயில் நிலையம் இருக்கிறது. எஸ்8, எஸ்9 என்ற ரயில்கள் ஊரின் மத்திய நிலையத்துக்குப் போகும். ஏறுவதற்கு முன் டிக்கெட் எடுத்துவிடு. நம் ஊர்போல் வாசலில் ஆள் நின்று கேட்க மாட்டார்கள்; கேட்காததால் வேண்டாம் என்று எண்ணி ஏறினால், நடுவழியில் வந்து அபராதம் போடுவார்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். இந்திய நோட்டு 25,000 ரூபாய்க்கு மேல் எடுத்துப்போகக் கூடாது; உனக்கு அது திரும்பி வரும்போது குரோம்பேட்டை வரை போக மட்டும்தான் வேண்டும், 2,000 போதும். யூரோ கொஞ்சம் சில்லறையாகக் கையில், மீதி கார்டில். கழுத்துச் சங்கிலியைத் தவிர நகை எதுவும் வேண்டாம் என்று அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். அப்படியே கொடுத்தாக வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், கிளம்பும்போது சென்னைச் சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். இல்லையேல் திரும்பும்போது நம் நகைக்கே நாம் கணக்குச் சொல்ல வேண்டிவரும்.

இரண்டு பெட்டியும் கறுப்பு. பட்டையில் வருகிற பெட்டியில் பாதிக்கு மேல் கறுப்பாகத்தான் இருக்கும். அதனால் அப்பத்தா தன் பழைய சிவப்புச் சுங்குடியிலிருந்து இரண்டு துண்டு கிழித்து, கைப்பிடியில் கட்டுவதற்கு மடித்து வைத்திருக்கிறார். துணி சற்று நைந்திருப்பதால் ஓரம் தைத்தால்தான் நிற்கும் என்கிறார். கண் சரியாகத் தெரியாததால் ஊசியில் நூல் கோக்க நீ வரும்வரை காத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை எந்தப் பேருந்தில் வருகிறாய் என்பதை மட்டும் முன்கூட்டியே சொல், ஆரப்பாளையத்தில் வந்து நிற்கிறேன்.

அன்புடன்,
அப்பா